தண்டவாளப் பராமரிப்பு வண்டிகளுக்கு ஏன் இப்படி ஒரு உருவம்?

கேள்வி இதுதான்: ஸ்டேஷன் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் நிற்கும் அந்த நீளமான வண்டிகள் இன்ஜினா, கிரேனா, இல்லை நடமாடும் தொழிற்சாலையா? ஒரு சாதாரண டீசல் இன்ஜினில் கருவிகளை மாட்டி இழுத்துக்கொண்டு போனால் ஆகாதா?

ஆகாது. சாதாரண இன்ஜினுக்கு ஓடத் தெரியும், ஊரத் தெரியாது. பராமரிப்பு வேலையோ கிட்டத்தட்ட முழுக்க ஊர்ந்து செய்வது. ஜல்லியை வாரிச் சலிக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தடத்தின் ஒரு மீட்டர் நீளத்தில் சுமார் 2 கன மீட்டர் ஜல்லி இருந்தால், மணிக்கு 600 கன மீட்டர் வாரும் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் 300 மீட்டர்தான் நகர முடியும். நிமிடத்துக்கு 5 மீட்டர், அதுவும் ஒரே சீராக. டீசல்-எலக்ட்ரிக் இன்ஜினை இந்த வேகத்தில் பாரம் இழுக்கச் சொன்னால் இழுவை மோட்டார் ஏறக்குறைய நின்றபடியே பெரும் மின்சாரத்தை வாங்கும். மோட்டார் சுற்றாவிட்டால் சூடு பரவாது. பழைய டிசி மோட்டார்களில், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கம்யூட்டேட்டரின் அதே சில பட்டைகள் மேல் மின்சாரம் பாய்ந்து அவை கருகும். அதனால்தான் இந்த வண்டிகளுக்கு ஹைட்ரோஸ்டாடிக் ஓட்டம் வைக்கிறார்கள். டீசல் இன்ஜின் ஒரு பம்பைச் சுற்றும், பம்ப் எண்ணெயை அழுத்தி அனுப்பும், அச்சில் இருக்கும் ஹைட்ராலிக் மோட்டார் சுற்றும். எண்ணெயின் அளவை எவ்வளவு குறைத்தாலும் இழுவிசை குறையாது.

இதற்கு ஒரு எதிர்விளைவு உண்டு. வேலை முடிந்து இந்த வண்டி ஊர் திரும்பும்போது, அல்லது வேறொரு ரயிலோடு இணைத்து இழுத்துச் செல்லப்படும்போது, அந்த ஊர்வு மோட்டார்களின் கியரைக் கழற்றிவிட வேண்டும். ஒரே ஒரு அச்சில் மறந்துவிட்டாலும் போதும், சக்கரம் மோட்டாரைச் சுற்ற ஆரம்பிக்கும். ஊர்வதற்கென்று செய்த மோட்டார் ரயில் வேகத்தில் சுற்றினால் சிதறிவிடும், எண்ணெய் பீறிடும், சில சமயம் தீயும் பிடிக்கும். கிளம்பும் முன் ஒவ்வொரு அச்சுக்கும் குனிந்து நெம்புகோல் எந்தப் பக்கம் இருக்கிறது, பூட்டு ஊசி செருகியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது இதனால்தான். கேபினில் எரியும் விளக்கை மட்டும் நம்பக் கூடாது.

ஊர்வதைத் தவிர இன்னும் இரண்டு நெருக்கடிகள் உண்டு. ஒன்று நேரம். ரயில்களை நிறுத்தி ஒதுக்கித் தரும் அந்த இடைவெளியை, அதாவது பிளாக்கை, எண்ணித்தான் தருவார்கள். பல தடங்களில் இரவில் மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. இன்னொன்று இடம். வேலை செய்யும் வண்டி நிற்பதே வேலை நடக்கும் தடத்தின் மேல்தான். நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டும் கதை இது. ஆனால் இங்கே வெட்டிய மரத்தை அதே இரவில் ஒட்டிக் கொடுத்து, காலையில் அதன் மேல் ரயிலையும் ஓட்டியாக வேண்டும்.

அதிகம் கண்ணில் படும் டேம்பிங் மெஷினிலிருந்து தொடங்கலாம். ரயில்கள் ஓட ஓட ஸ்லீப்பருக்கு, அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைக்கு, அடியிலுள்ள ஜல்லி அமுங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவில் அமுங்காது, தடம் அலை அலையாகும். டேம்பர் தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு கவ்வித் தூக்கி, பக்கவாட்டிலும் நகர்த்தி, சரியான இடத்தில் பிடித்துக்கொள்ளும். பிறகு ஸ்லீப்பரின் இரு பக்கமும் இரும்பு விரல்களை ஜல்லிக்குள் இறக்கி, ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை நெருக்கித் தள்ளும். ஒரு ஸ்லீப்பருக்கு 16 விரல்கள். ஒரே தடவையில் இரண்டு ஸ்லீப்பர் செய்யும் இயந்திரத்தில் 32, மூன்று செய்வதில் 48. விரல்கள் விநாடிக்கு 35 முறை அதிரும். கல் நகர்ந்து இடைவெளிகளில் நன்றாகப் புகுவதற்கு ஏற்ற அதிர்வு இது. இன்னும் வேகமாக அதிரவிட்டால் கற்கள் ஒன்றையொன்று பற்றாமல் திரவம் போல ஓடிவிடும். விரல்களை உள்நோக்கி நெருக்கும் நேரம் அரை விநாடி அளவுதான்.

சொல்லும்போது எளிதாகத் தெரியும் இந்த வேலை பெரும்பாலும் கெடுவது ஆழத்தில். விரல்கள் நெருங்கி மூடிய நிலையில் அலகின், அதாவது விரல் நுனியிலுள்ள தகட்டின், மேல் விளிம்புக்கும் ஸ்லீப்பரின் அடிப்பாகத்துக்கும் இடையே, தட்டையான அடி உள்ள கான்கிரீட் ஸ்லீப்பருக்கு, 10 முதல் 12 மி.மீ. இடைவெளி வேண்டும். அதற்கு மேலே வைத்தால் அலகு ஸ்லீப்பரின் ஓரத்தில் இடித்துக் கான்கிரீட்டைப் பெயர்க்கும். மிகவும் கீழே வைத்தால் நெருக்கிய ஜல்லி ஸ்லீப்பரைத் தாங்காத ஆழத்தில் போய் உட்காரும். பார்வைக்குத் தடம் நேராக இருக்கும், நாலு ரயில் போனதும் பழையபடி தொங்கும். அலகு தேய்ந்திருந்தாலும் இதே கதிதான். பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டால் மாற்றிவிடுவது வழக்கம். ஜல்லியே போதாத இடத்தில் டேம்பிங் செய்வதோ டீசலுக்குப் பிடித்த கேடு. விரல்கள் வெறும் குழியில் துழாவிவிட்டு மேலே வரும். முதலில் ஜல்லி இறக்க வேண்டும், பிறகுதான் இயந்திரம்.

நிறைய பேர் கவனிக்காத இன்னொரு பக்கம் அளவீடு. இயந்திரத்தின் முன்னால் ஒன்று, விரல்களின் அருகே ஒன்று, பின்னால் ஒன்று என்று அளவுப் புள்ளிகள் இருக்கும். முன்புள்ளி இன்னும் திருத்தாத தடத்தில் நிற்கிறது. ஆகவே முன்னால் 10 மி.மீ. பள்ளம் இருந்தால் அதில் ஒரு பங்கு விரல்கள் நிற்கும் இடத்திலும் பிழையாக வந்து சேரும். இயந்திரம் பிழையைக் குறைக்குமே தவிர முழுதாக அழிக்காது. சும்மா ஓட்டிக்கொண்டு போனால் சின்ன அலைகள் மறையும், நீண்ட அலைகள் அப்படியே தங்கும். அவற்றையும் ஒழிக்க வேண்டுமென்றால் தடத்தை முன்கூட்டியே அளந்து, எங்கே எத்தனை மி.மீ. தூக்குவது, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்துவது என்று கணக்குப் போட்டு இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். வேலையை நிறுத்தும் இடத்தில் சரிவும் விட வேண்டும். ஆயிரத்துக்கு ஒன்று என்றால், 30 மி.மீ. தூக்கிய இடத்திலிருந்து பழைய மட்டத்துக்கு இறங்க 30 மீட்டர். பிளாக் முடியும் அவசரத்தில் இதை விட்டுவிட்டால் அடுத்த ரயிலின் கடைசிப் பெட்டிக்காரருக்கும் அது தெரிந்துவிடும்.

ஒவ்வொரு ஸ்லீப்பருக்கும் நின்று கிளம்பும் டேம்பர் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை பிரேக் போடுகிறது. பல பத்து டன் வண்டியை அத்தனை முறை நிறுத்துவதில் டீசலும் பிரேக்கும் ஓட்டுநரின் முதுகும் போகும். ஆஸ்திரியாவின் பிளாசர் அண்ட் தோய்ரர் நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த 09 வரிசை இதற்கு ஒரு நேர்த்தியான விடை தந்தது. விரல்கள் உள்ள பகுதியைத் தனிச் சட்டத்தில் வைத்து, அதை மட்டும் நின்று நின்று போகவிட்டார்கள். தாய் வண்டி நிற்காமல் ஒரே சீராக ஊரும். நின்று கிளம்புவது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்குதான். வண்டியின் வயிற்றுக்குள் இன்னொரு சின்ன வண்டி விட்டு விட்டுத் தாவுவது போல இருக்கும் பார்க்க.

டேம்பிங்கின் குறை என்னவென்றால் அது கல்லை உடைக்கிறது. உடைந்த தூள் ஜல்லியின் இடைவெளிகளை அடைக்கிறது, நீர் வடியாமல் போகிறது. போதாததற்கு ஜல்லிக்கு ஞாபகசக்தி உண்டு என்று துறையில் சொல்வார்கள், டேம்பிங் செய்த தடம் கொஞ்ச நாளில் தன் பழைய அலை வடிவத்துக்கே திரும்ப முயலும். பிரிட்டனில் இதற்கு மாற்றாக வளர்த்தெடுத்ததுதான் ஸ்டோன்புளோயர். இது படுகையைக் கலைப்பதே இல்லை. தண்டவாளத்தைத் தூக்கி, ஸ்லீப்பரின் ஓரத்தில் குழாய்களை இறக்கி, 20 மி.மீ. அளவிலான சின்னக் கற்களை எடை போட்டு, காற்றழுத்தத்தில் ஸ்லீப்பருக்கும் பழைய படுகைக்கும் இடையே ஊதிவிட்டு இறக்கிவிடும். மண்வெட்டியால் அளந்து கல் போட்டுத் தடத்தை நிமிர்த்திய பழைய கைவேலையின் இயந்திர வடிவம் இது. ஜல்லி வயதாகி, டேம்பிங் தங்காத தடங்களில் இதுதான் பயன் தரும். ஜல்லியே புதிதாக இருக்கும் தடத்தில் இதற்கு வேலையில்லை.

இப்போது வெப்பம். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் விரிய இடமில்லாமல் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் வெப்பம் 1 டிகிரி ஏறினால் உள்ளே சுமார் 1.9 டன் அழுத்தம் ஏறும். 20 டிகிரி ஏறினால் ஒரு தண்டவாளத்தில் 37 டன்னுக்கு மேல், இரண்டுக்கும் சேர்த்து 75 டன் அளவுக்கு. இதைப் பக்கவாட்டில் நெளியாமல் பிடித்திருப்பது ஸ்லீப்பரைச் சுற்றியுள்ள ஜல்லிதான். டேம்பர் அந்த ஜல்லியைத்தான் குத்திக் கலைத்துவிட்டுப் போகிறது. ஆக, டேம்பிங் முடிந்த கையோடு தடத்தின் பக்கவாட்டுப் பிடிமானம் பாதிக்கு அருகில் குறைந்துவிடும். கோடை வெயிலில் உச்சிப்பொழுதில் டேம்பிங் செய்யாமல் இருப்பதும், செய்த தடத்தில் சில நாள் வேகக் கட்டுப்பாடு போடுவதும் இதற்காகத்தான். பின்னாலேயே வரும் ஸ்டெபிலைசர் இந்த இழப்பைக் கொஞ்சம் ஈடு செய்யும். தண்டவாளத்தைக் கவ்வி, மேலிருந்து அழுத்திக்கொண்டே பக்கவாட்டில் அதிரவைத்து ஜல்லியைப் படியவைக்கும். ஒரு தடவை ஓடினால் சுமார் 1 லட்சம் டன் போக்குவரத்து ஓடிய அளவுக்குத் தடம் படியும் என்பது கணக்கு. ஆனால் பழைய கட்டுமானப் பாலங்களின் மேலும், தடத்தை ஒட்டி வீடுகள் இருக்கும் இடத்திலும் அதிர்வை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும்.

ஜல்லி சலிக்கும் இயந்திரம் இன்னும் முரட்டு வேலை. தடத்துக்கு அடியில், ஸ்லீப்பருக்குக் கீழே 25 முதல் 30 செ.மீ. ஆழத்தில் பற்கள் வைத்த முடிவில்லாச் சங்கிலி ஒன்று குறுக்கே ஓடி ஜல்லியை வாரி மேலே கொண்டுபோகும். அடுக்கடுக்கான சல்லடைகள் குலுங்கி நல்ல கல்லைத் தடத்துக்கே திருப்பித் தரும், மண்ணையும் தூளையும் நீண்ட கன்வேயர் ஓரத்தில் வீசும். வேலையைத் தொடங்குவதற்கே நேரம் பிடிக்கும். தடத்துக்குக் குறுக்கே ஒரு பள்ளம் தோண்டி, அதில் வெட்டுச் சட்டத்தை நுழைத்து, இருபுறச் சங்கிலியோடும் இணைக்க வேண்டும். முடிக்கும்போது எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும். பிளாக் கணக்குப் போடும்போது இந்த இரண்டு முனை நேரத்தையும் கழிக்காமல் விட்டவர்கள் காலையில் திண்டாடுவார்கள். புதைந்திருக்கும் சிக்னல் கேபிள், பழைய தண்டவாளத் துண்டு, மரவேர் எது சிக்கினாலும் சங்கிலி நிற்கும் அல்லது அறும். கேபிள்களை முந்தைய நாளே கண்டுபிடித்து வெளியே எடுத்துப் போடுவது இயந்திரத்தின் வேலை அல்ல, ஆட்களின் வேலை.

தண்டவாளத்தின் தலையைச் செதுக்கும் கிரைண்டிங் ரயில்தான் இரவில் பார்க்க மிக அழகு, தீப்பொறி மழை. ஒரு ஓட்டத்தில் எடுப்பது 0.1 முதல் 0.2 மி.மீ. மட்டுமே. சக்கரமும் தண்டவாளமும் உரசும் இடத்தில் நுண்விரிசல்கள் உண்டாகும். குறைவாகச் செதுக்கினால் அவை ஆழமாக வளரும், அதிகம் செதுக்கினால் நல்ல எஃகு வீணாகும். சாணைக்கல்லை மிக அழுத்திவிட்டால் தண்டவாளம் நீலம் பாரிக்கும். அங்கே எஃகு சூடாகிச் சட்டென்று குளிர்ந்து கண்ணாடி போல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டது என்று பொருள், விரிசலை ஒழிக்கப் போய் விரிசலை விதைத்த கதை. காய்ந்த புல் ஓரத்தில் தீ பிடிக்கும் என்பதால் தண்ணீர்த் தொட்டி இல்லாமல் இந்த ரயில் நகராது. ஜெர்மனியில் உருவான அதிவேக முறையில் கற்களுக்கு மோட்டாரே கிடையாது. கற்களைக் கோணத்தில் சாய்த்து இழுத்தால் ஓட்டத்திலேயே அவை சுற்றும், 80 கி.மீ. வேகம் வரை போகலாம், ரயில் அட்டவணையின் இடையிலேயே நுழைந்து வெளியேறிவிடலாம். ஆழமான பழுதை இது எடுக்காது.

சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் எக்ஸ்கவேட்டர், டிரக் வகைகள் சின்னவையாகத் தெரிந்தாலும் ஆபத்தில் மூத்தவை. பிரிட்டனில் இவற்றை மூன்றாகப் பிரிக்கிறார்கள். 9ஏ வகையில் ரயில் சக்கரத்துக்கே தனி ஓட்டமும் பிரேக்கும் உண்டு. 9சி-யில் டயர் தண்டவாளத்தின் மேலேயே உருளும், ரயில் சக்கரம் வழிகாட்ட மட்டும். நடுவிலுள்ள 9பி-தான் வில்லங்கம்: டயர் தரையில் படாது, அது ரயில் சக்கரத்தின் குடத்தை, அதாவது நடுப்பகுதியை, உரசிச் சுற்றும். பழைய வண்டிகளில் பிரேக் டயருக்கு மட்டும்தான். டயர் குடத்தை அழுத்தும்வரை ரயில் சக்கரத்துக்கு பிரேக் கிடையாது. லெவல் கிராசிங்கில் நிறுத்தி ரயில் சக்கரங்களை இறக்கும்போது ஒரு முனையை முழுதாக இறக்கி, டயர் குடத்தில் அழுந்தியதைப் பார்த்த பிறகே மறுமுனையைத் தொட வேண்டும். இரண்டு முனையும் பாதியில் இருந்தால் டயர் தரையிலும் இல்லை, குடத்திலும் இல்லை. பல டன் எடை நான்கு வழுவழுப்பான எஃகுச் சக்கரத்தின் மேல் பிரேக்கே இல்லாமல் நிற்கும், லேசான சரிவு போதும். இப்படிப் பல வண்டிகள் உருண்டோடிய பிறகே ரயில் சக்கரத்துக்கு நேரடி பிரேக் பொருத்தச் சொன்னார்கள்.

டிரெய்லர்களின் கதை இதைவிடக் கொடியது. 2004 பிப்ரவரி 15 அன்று வடமேற்கு இங்கிலாந்தின் டீபே அருகே, தண்டவாளம் ஏற்றிய டிரெய்லர் ஒன்று மலைச்சரிவில் இருட்டில் பல கிலோமீட்டர் உருண்டு வந்து கீழே வேலை செய்துகொண்டிருந்த நால்வரைக் கொன்றது. அதன் ஹைட்ராலிக் பிரேக் இணைப்பு கழற்றப்பட்டிருந்தது, சக்கரத்துக்கு மரக்கட்டைகள் வைத்திருந்தார்கள். குழாய் கழன்றாலும் தானாகப் பிடித்துக்கொள்ளும் பிரேக் இல்லாத டிரெய்லரைச் சரிவில் நிறுத்தவே கூடாது.

இன்னொன்று: சின்னத் தள்ளுவண்டிகளின் இருபக்கச் சக்கரங்களுக்கும் இடையே மின்காப்பு வைப்பது உண்டு, இரு தண்டவாளமும் சக்கரத்தால் இணைவதை வைத்து ரயில் இருப்பதை அறியும் சிக்னல் சர்க்கியூட்டைக் குழப்பாமல் இருக்க. அதாவது அந்த வண்டி தடத்தில் இருப்பது சிக்னல் அறைக்குத் தெரியாது. அதன் பாதுகாப்பு பிளாக் அனுமதிச் சீட்டும் கொடியும்தான்.

சுரங்கத்துக்குள் வந்தால் வேறு சிக்கல். ஆட்கள் தடத்தில் இறங்க மின்சாரத்தை நிறுத்த வேண்டும். டீசல் புகை போக வழியில்லை. லண்டன் சுரங்க ரயிலில் இதற்காகவே பேட்டரி இன்ஜின்கள் இருக்கின்றன. மின்சாரம் இருக்கும் வரை மின்சாரம் தரும் தனித் தண்டவாளத்திலிருந்து 630 வோல்ட் எடுத்து ஓடும், நிறுத்தியதும் 320 வோல்ட் பேட்டரிக்கு மாறும். குழாய்ச் சுரங்கத்தின் வளைந்த கூரைக்கு ஏற்றபடி தோள் குறுகி, குள்ளமாக இருக்கும். பெரும்பாலும் ரயிலின் இரு முனையிலும் ஒவ்வொன்று. சுரங்கத்துக்குள் இன்ஜினைச் சுற்றி மாட்ட இடம் இல்லை, ஒன்று படுத்தாலும் மற்றது இழுத்து வந்துவிடும்.

பிரிட்டனில் இலையுதிர் காலத்துக்கென்றே தனி ரயில்கள் ஓடுகின்றன. சக்கரத்தில் நசுங்கிய ஈர இலை தண்டவாளத்தில் கறுப்பாக, வழவழவென்று படியும், பிரேக் பிடிக்காது. 1,000 முதல் 1,500 பார் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அதை உரித்து, மணலும் உலோகத் துகளும் கலந்த கூழைத் தடவிவிட்டுப் போவார்கள்.

பனிக்கு வருவோம். நீராவிக் காலத்துச் சுழல் பனிவாரி முன்னால் ஒரு ராட்சத விசிறியோடு பெரிய நீராவி இன்ஜின் போலவே இருக்கும். கொதிகலன், புகைபோக்கி எல்லாம் உண்டு, ஆனால் தானாக ஓர் அடி நகராது. நீராவி முழுவதும் விசிறியைச் சுழற்றிப் பனியை ஓரத்தில் வீசவே செலவாகும், பின்னால் நின்று தள்ளுவது வேறு இன்ஜின்கள். இந்த யோசனைக்கு 1869-ல் காப்புரிமை வாங்கியவர் டொரொன்டோவின் ஒரு பல் மருத்துவர், ஜே.டபிள்யூ. எலியட். 1880-களில்தான் அது ஓடும் வண்டியாக வந்தது. தள்ளுபவரும் சுழற்றுபவரும் வேறு வேறு ஆள் என்பதால் இருவரும் விசில் மூலம்தான் பேசிக்கொள்வார்கள். வேகமாகத் தள்ளிவிட்டால் விசிறி பனியை வெட்டி முடிக்கும் முன்பே முட்டி நின்றுவிடும். சுவிட்சர்லாந்தின் பெர்னினா மலைத்தடத்துக்கு 1910-ல் செய்த நீராவிப் பனிவாரி விதிவிலக்கு, அது தானே நகரவும் செய்யும். எல்லாவற்றையும் விட விசித்திரம், விமானத்திலிருந்து கழற்றிய ஜெட் இன்ஜினைப் பெட்டிமேல் ஏற்றிச் சூடான காற்றால் பனியை ஊதும் வண்டி. பாஸ்டனில் அதற்கு ஸ்னோசில்லா என்று பட்டப்பெயர். எரிபொருளைக் குடிக்கும், ஊரையே எழுப்பும், முனையைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டால் பனியோடு ஜல்லியும் சேர்ந்து பறக்கும்.